துருப்பிடிச்ச சஸ்பென்ஷன் ரீகால்: டெட்ராய்ட் பக்கம் ரெண்டு டீலர்கிட்ட கிடைச்ச சர்வீஸ்

ரீகால்னா, வண்டில ஆபத்தான குறை இருக்குன்னு கம்பெனியே கூப்பிட்டு இலவசமா சரி பண்ணித் தர்றது. என் காரோட சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்த தாங்கிப் பிடிக்கிற பாகங்க, துருப்பிடிக்குதுன்னு அப்படி ஒரு ரீகால், அதுக்காக ரெண்டு டீலர்கிட்ட போனேன். முதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன். ரெண்டாவதா போன டீலருக்கு அஞ்சுக்கு அஞ்சு. முதல்ல போன டீலருக்கு ஒண்ணு, அதுவும் போன் பண்ண மறுநாளே அப்பாயின்ட்மென்ட் குடுத்ததுக்காக மட்டும். ரெண்டு பேர் பேரும் போடல, கார் கம்பெனி பேரும் போடல, ஏன்னா பனி உருக ரோட்ல உப்பு கொட்டற ஊர்ல ஓடற எந்தப் பழைய வண்டிக்கும் இந்தத் துருப் பிரச்சனை வரலாம், என் கம்பெனியோட மட்டும் முடியற விஷயம் இல்ல.

என் வண்டி 12 வருஷ செடான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. போன குளிர்காலம் முடியற நேரம், மார்ச்ல இங்க ரோடெல்லாம் பள்ளமா இருக்கும்ல, அப்ப பின்னாடி இடது பக்கம் டொக் டொக்னு ஒரு சத்தம். ஷாக் அப்சார்பர் போயிருக்கும்னு நெனச்சு ஒரு மாசம் அப்படியே ஓட்டிட்டேன், பின் சீட்ல குழந்தைய வச்சுக்கிட்டு ஹைவேல 70 மைல் வேகத்துல. இப்ப நெனச்சாலும் வயித்த பெசையுது.

கூட வேலை பாக்கற ஒருத்தர்தான் வின் நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள எண், போட்டு பாக்கச் சொன்னார். டிரைவர் பக்கம் முன்கண்ணாடி அடியில 17 எழுத்தும் நம்பருமா இருக்கும், அத என்ஹெச்டிஎஸ்ஏங்கிற அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு சைட்ல போட்டா உங்க வண்டிக்கு இன்னும் செய்யாம கிடக்கிற ரீகால் எல்லாம் அந்த நிமிஷமே வந்துடும், காசு கிடையாது. போட்டேன், வந்துச்சு: உப்பால துருப்பிடிச்சு பின்பக்க லோயர் கண்ட்ரோல் ஆர்ம் உடைய வாய்ப்பு. கம்பெனி லெட்டர் அனுப்பியிருக்காங்க, நான் வீடு மாறினதால பழைய அட்ரஸுக்கு போயிருக்கு. வந்தாலும் நிறைய பேர் பிரிக்கறதில்ல, ஏன்னா டீலருங்க அனுப்பற விளம்பரமும் பாக்க அதே மாதிரி இருக்கும். தயவுசெஞ்சு லெட்டருக்காக காத்துக்கிட்டு இருக்காதீங்க.

இது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னா, கண்ட்ரோல் ஆர்ம் மாதிரி பாகங்கதான் சக்கரத்த அதோட இடத்துல பிடிச்சு வச்சிருக்கு. அது ஓட்டத்துல உடைஞ்சா சக்கரம் கோணிக்கும், ஸ்டியரிங்க நீங்க எவ்ளோ இறுக்கிப் பிடிச்சாலும் பின்பக்கம் அதுபாட்டுக்கு இழுத்துட்டு போயிடும். 2010ல ஃபோர்ட் விண்ட்ஸ்டார் வேன், 1998 முதல் 2003 மாடல் வரைக்கும், பின் ஆக்ஸில் துருப்பிடிச்சு உடையுதுன்னு அமெரிக்கா, கனடா ரெண்டும் சேத்து கிட்டத்தட்ட 5,75,000 வண்டிய ரீகால் பண்ணாங்க. 2023ல ஹோண்டா சிஆர்-வி, 2007 முதல் 2011 மாடல், உப்பு போடற 22 மாநிலமும் வாஷிங்டன் டிசியும் சேத்து சுமார் 5,64,000 வண்டி. அதுல பின் ஃபிரேம்ல இருக்கிற வடிகால் ஓட்டை வழியா உப்புச் சேறு உள்ள போய் தங்கி, வெளிய ஒண்ணும் தெரியாம உள்ளுக்குள்ளயே அரிச்சு, பின்சக்கரத்த ஃபிரேமோட இணைக்கிற ட்ரெயிலிங் ஆர்ம் கழண்டுக்கற நிலைமை. சப்போர்ட் பிரேஸ்னு ஒரு தாங்குக் கம்பி போட்டு சரி பண்ணுவோம், துரு ரொம்ப முத்திப்போன வண்டியா இருந்தா நாங்களே திருப்பி வாங்கிக்கறோம்னு கம்பெனி சொன்னாங்க. என் வண்டி இந்த ரெண்டுமே இல்ல, ஆனா கதை அதேதான்.

சரி, சர்வீஸுக்கு வர்றேன். முதல் டீலர்கிட்ட வண்டிய விட்டேன், 20 நிமிஷத்துல அட்வைசர் வந்து பாத்தாச்சு, துரு மேலாப்புலதான் இருக்கு, பாஸ்னு ஒரு பேப்பர் குடுத்தார். அதோட சேத்து ரெண்டு டயர் மாத்தணும், சக்கரம் நேரா நிக்கிற மாதிரி அலைன்மென்ட் பண்ணணும்னு 600 டாலருக்கு மேல ஒரு எஸ்டிமேட். சத்தம் வருதேன்னு கேட்டதுக்கு அது வேற, தனியா பாக்கணும், அதுக்கு டயக்னாஸ்டிக் சார்ஜ் உண்டுன்னாங்க. லிஃப்ட்ல தூக்கி எனக்குக் காட்டுவீங்களான்னு கேட்டேன், கஸ்டமர் உள்ள வரக்கூடாதாம். சரி ஒரு போட்டோவாவது எடுத்துக் குடுங்கன்னேன், அதுவும் இல்ல.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட போன்ல சொன்னேன். எங்க ஊர் தூத்துக்குடி, அப்பா பல வருஷம் உப்பு லோடு லாரி ஓட்டினவர். பாத்தேன்னா எப்படிப் பாத்தான், தட்டிப் பாத்தானா, இதுதான் அவரோட முதல் கேள்வி. உப்பு அரிச்ச இரும்பு பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்டா, சுத்தியலால தட்டினா சத்தத்துலயே தெரிஞ்சிரும், நல்ல இரும்புன்னா கணீர்னு கேக்கும், உளுத்ததுன்னா பொத்துனு கேக்கும்னு சொன்னார். உப்பளத்துல இருந்து லோடு இறக்கிட்டு வந்தா நல்ல தண்ணி விட்டு சேசிஸ கழுவி, அப்பப்ப பழைய ஆயில பிரஷ்ல அடிச்சு விடுவார், சின்ன வயசுல நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். உப்புக் காத்துலயே வளந்துட்டு இங்க பனி மேல கொட்டற உப்ப நான் உப்பாவே நெனைக்கல. இந்த டெட்ராய்ட் ஊருக்கு அடியிலயே ஆயிரம் அடிக்கு மேல ஆழத்துல உப்புச் சுரங்கம் ஓடிக்கிட்டு இருக்கு, அங்க வெட்டற உப்பும் ரோட்டுக்குத்தான் வருது.

அப்பா பேச்சக் கேட்டுதான் 40 நிமிஷம் தள்ளி இருக்கிற இன்னொரு டீலருக்கு போன் போட்டேன். இங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, வண்டிய எங்க வாங்கியிருந்தாலும், யார்கிட்ட வாங்கியிருந்தாலும், அந்த பிராண்டோட எந்த டீலர்கிட்ட வேணாலும் ரீகால் வேலைய பாத்துக்கலாம். முதல் டீலர் பாஸ்னு எழுதிக் குடுத்தத மறைக்காம சொன்னேன். அதப் பத்தி ஒரு வார்த்தை குத்தம் சொல்லாம, கொண்டு வாங்க திரும்பப் பாக்கறோம்னு மட்டும் சொன்னாங்க, அந்த மரியாதையே பிடிச்சிருந்துச்சு.

டெக்னீசியன் வயசான மனுஷன். பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லி என்னை லிஃப்ட் பக்கத்துலயே கூட்டிட்டு போனார். ஒரு சின்ன சுத்தியல், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச், அவ்ளோதான். வலது பக்கம் தட்டினார், டங்குனு கேட்டுச்சு. இடது பக்கம் ரப்பர் புஷ் உக்கார்ற இடத்துக்கிட்ட தட்டினார், பொத்துன்னுச்சு. அப்பா சொன்ன அதே சத்தம். துரு அப்பளம் மாதிரி பொரிஞ்சு கீழ விழுந்துச்சு, ஸ்க்ரூடிரைவர வச்சு லேசா அமுக்கினார், உள்ள போயிடுச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். வீடியோ எடுத்துக்கலாமான்னு கேட்டதுக்கு அவரே டார்ச் அடிச்சுக் காட்டினார். இத ஓட்டிட்டு வீட்டுக்குப் போகாதீங்கன்னு சொல்லி என் வண்டி ரெடியாகற வரைக்கும் ஓட்ட அங்கயே ஒரு லோனர் கார் ஏற்பாடு பண்ணிட்டாங்க.

பார்ட்ஸ் ஸ்டாக் இல்ல, 9 நாள் ஆச்சு, இது ஒண்ணுதான் குறை. ஆனா நடுவுல ரெண்டு தடவை அவங்களே மெசேஜ் போட்டு எங்க நிக்குதுன்னு சொன்னாங்க. ரெண்டு பக்க ஆர்மும் புதுசு, போல்ட் புதுசு, ஆர்ம் மாத்தினதால அலைன்மென்ட்டும் அவங்களே பண்ணிட்டாங்க. முதல் டீலர் காசு கேட்டாரே, அதே அலைன்மென்ட்தான். பில் பூஜ்யம். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. முதல் டீலர் சொன்ன டயர பத்தியும் கேட்டேன், இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னாங்க.

அமெரிக்கால ரீகால் ரிப்பேர இலவசமா செஞ்சு குடுக்கிற சட்டக் கடமை, ரீகால் அறிவிக்கும்போது முதல் ஓனர் வாங்கி 15 வருஷத்துக்கு மேல ஆகாத வண்டிக்குத்தான். ரீகால் இருக்குன்னு தெரிஞ்சா பழைய வண்டி வச்சிருக்கவங்க தள்ளிப் போடாதீங்க. ரீகால் வர்றதுக்கு முன்னாடியே அதே கோளாறுக்கு கைக்காசு போட்டிருந்தா பில்ல தூக்கிப் போட்றாதீங்க, திருப்பிக் கேக்க வழி இருக்கு. இன்னொண்ணு, யூஸ்டு கார் விக்கறவங்க ரீகால் வேலைய முடிச்சுட்டுத்தான் விக்கணும்னு ஃபெடரல் சட்டம் கிடையாது, வாங்கறதுக்கு முன்னாடி வின் நம்பர நீங்களே போட்டுப் பாருங்க.

பனிக்காலத்துல அடிப்பக்கம் தண்ணி அடிக்கிற வாஷ் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது போடுங்கன்னு அந்த டெக்னீசியன் சொன்னார். கடுங்குளிர்ல துரு மெதுவாத்தான் ஏறும், பனி உருகி ஈரமா இருக்கிற நாள்லதான் வேகமா அரிக்கும். துரு மேலயே ரப்பர் கோட்டிங் அடிச்சா உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு இன்னும் மோசமாகும், அதுக்கு ஆயில் கோட்டிங்தான் நல்லது, அதையும் வடிகால் ஓட்டைய அடைக்காம அடிக்கணும்னார். இதையும் அப்பாகிட்ட சொன்னேன், நாங்க அடிச்ச பழைய ஆயில்தானே, அங்க அதுக்கு காசு வேற வாங்கறாங்களான்னு கேட்டார். அந்தக் கோட்டிங்குக்கு அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன்.