கிங்குக்கு வந்த தபால்: ஆறு வருட வாசிப்பு அனுபவம்

நான் வரலாறு படித்தவன் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஊர் சின்னாளபட்டி, காந்திகிராமம் கூப்பிடு தூரம். மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் காந்திகிராமத்துக்கு வந்து போனார் என்று சின்ன வயதிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். யார் கூப்பிட்டு வந்தார் என்று மட்டும் யோசித்ததே இல்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் கிங்கின் கடிதத் தொகுப்பைத் திறந்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது, இன்னும் மூடவில்லை.

கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் கேட்டுக்கொண்டதன் பேரில் வரலாற்றாசிரியர் கிளேபோர்ன் கார்சன் 1985-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய வேலை இது. மொத்தம் 14 தொகுதிகள் என்று திட்டம். முதல் தொகுதி 1992-ல் வந்தது, ஏழாவது 2014-ல். கிங் எழுதியது, பேசியது மட்டுமல்ல, அவருக்கு வந்த கடிதங்களும் இதில் உண்டு. நிறையக் கடிதங்களை ஸ்டான்ஃபோர்டின் கிங் ஆய்வு நிறுவனத் தளத்தில் காசில்லாமலே படிக்கலாம். நான் பாதிக்கு மேல் செல்பேசியில்தான் படித்தேன்.

முதல் வருடத்தை வீணடித்தேன் என்றே சொல்ல வேண்டும். பெரிய பெயர்களாகத் தேடித் தேடிப் படித்தேன். நிக்சன், நேரு, எலினார் ரூஸ்வெல்ட் என்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அப்புறம் பழைய தொழில் புத்தி வந்தது. ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. வந்த கடிதம் இங்கே, போன பதில் அங்கே. இப்படித் தேதிவாரியாக வைத்துப் படித்தபோதுதான் ஆள் கண்ணுக்குத் தெரிந்தார்.

கணக்கு பார்த்தவர்களுக்கு இந்தத் தொகுப்பு பிடித்துப்போகும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வவுச்சர் நம்பர் மாதிரி ஒரு குறியீடு இருக்கும். டி.எல்.எஸ். என்றால் தட்டச்சில் அடித்துக் கையெழுத்திட்ட கடிதம். கடைசி எழுத்து சி என்றால் கார்பன் பிரதி. நடுவில் டபிள்யூ வந்தால் தந்தி. எம்.எல்.கே.பி.–எம்.பி.யு. என்றால் அசல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1964-ல் கிங்கே தன் காகிதங்களை அங்கே ஒப்படைத்தார். ஆரம்பத்தில் இந்தக் குறியீடுகளைத் தாண்டித் தாண்டிப் போனேன். இப்போது முதலில் பார்ப்பதே அதைத்தான். பதில் போன கடிதத்தின் அசல் யார் வீட்டிலோ போய்விட்டது. நமக்குக் கிடைப்பது அலுவலகத்தில் தங்கிய கார்பன்தான். ஆக, கிங் என்ன பதில் சொன்னார் என்று இன்று நாம் படிப்பது பெரும்பாலும் மாட் பலூ, அவருக்குப் பின் 1960-லிருந்து டோரா மெக்டொனால்ட் என்ற இரண்டு செயலாளர்களின் உழைப்பால். என் கணக்கில் இவர்கள் இரண்டு பேருக்கும் தனி மரியாதை உண்டு.

இன்னொரு சின்ன விஷயம், விளியைக் கவனியுங்கள். முன்பின் தெரியாதவர்கள் ‘ரெவரெண்ட் கிங்’ என்று எழுதுவார்கள். பழைய சிநேகிதர்கள் ‘அன்புள்ள மைக்’ என்று தொடங்குவார்கள். பிறந்தபோது வைத்த பெயர் மைக்கேல் அல்லவா? முதல் வரியிலேயே உறவு எத்தனை வருடப் பழக்கம் என்று பிடிபட்டுவிடும்.

சரி, அழைப்புகளுக்கு வருகிறேன். இந்தத் தொகுப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பேருந்தில் கறுப்பர்களைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து கிங் தலைமையில் நடந்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 1956 டிசம்பரில் ஜெயித்ததும் கூப்பிடுகிறவர்கள் கூட்டம் கூடிவிட்டது. தேவாலயங்கள், கல்லூரிகள், தொழிற்சங்கங்கள், பட்டமளிப்பு விழாக்கள். நோட்டில் வரவுப் பக்கம் வேகமாக நிரம்ப, பற்றுப் பக்கத்தில் திரும்பத் திரும்ப ஒரே ராகம்: அழைத்ததற்கு நன்றி, அந்த நாள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது, வருந்துகிறேன். இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டு ஆணியில் அந்த மாதத்து முகூர்த்தப் பத்திரிகைகள் ஒரு கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “எல்லா விசேஷத்துக்கும் போகணும்னா அந்த மனுஷன் வீட்ல சாப்பிடறது எப்போ?” என்றாள். அவள் கேட்டதைக் கிங்கே வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். 1959 நவம்பரில், தான் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயப் பொறுப்பை விடப்போவதாக அறிவித்தபோது, ஐந்தாறு பேர் செய்ய வேண்டியதை ஒருவனாகச் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன் என்றார். நோபல் அமைப்பின் வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தால் 1957 முதல் 1968 வரை 60 லட்சம் மைலுக்கு மேல் பயணம், 2,500 தடவைக்கு மேல் பேச்சு. மறுப்புக் கடிதம் அத்தனை எழுதியும் இந்தக் கணக்கு!

ஒப்புக்கொண்ட அழைப்புகளில் கானா முக்கியமானது. 1957 மார்ச் 6, சுதந்திர தின விழா. க்வாமே நிக்ருமாவின் அரசு அழைத்து கிங்கும் கொரெட்டாவும் அக்ரா போனார்கள். அந்த வருட ஆரம்பத்தில் கிங்கும் மற்ற தலைவர்களும், தென் மாநிலங்களுக்கு வந்து நிலைமையை நேரில் பாருங்கள் என்று துணை அதிபர் நிக்சனைக் கேட்டிருந்தார்கள். அவர் வரவில்லை. அதே நிக்சனை அக்ராவில் சந்தித்தார் கிங். அங்கே வைத்து, வாஷிங்டனுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார் நிக்சன். சொந்த நாட்டுத் துணை அதிபரைப் பார்க்க ஆப்பிரிக்கா போக வேண்டியிருந்தது. நோட்டில் இந்த இடத்தில் ஓரமாக ஒரு ஆச்சரியக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

என் கேள்விக்கான பதில் நான்காம் தொகுதியின் கடைசியில் கிடைத்தது. காந்தி ஸ்மாரக் நிதியின் செயலாளர் ஜி. ராமச்சந்திரன் 1958 டிசம்பர் இறுதியில் எழுதிய அழைப்பு. நம் காந்திகிராமத்தை டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து உருவாக்கிய அதே ராமச்சந்திரன்தான். அந்தப் பக்கத்தில் அவர் பெயரைப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். ஆனால் வரவு–பற்று வைத்துப் பார்த்தால் இந்த அழைப்பு அந்த டிசம்பரில் பிறந்தது இல்லை. 1956-ல் அமெரிக்கா வந்த நேரு, கிங்கைச் சந்திக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னார். அவருடைய தூதரக ஆட்கள், வர வாய்ப்புண்டா என்று விசாரித்தார்கள். நேரம் அமையவில்லை. 1958 செப்டம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு கடையில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கிங்கின் மார்பில் கத்தி இறங்கியது. பிழைத்து, வேலையிலிருந்து ஒதுங்கி ஓய்வெடுத்த மாதங்களில்தான் இந்தியப் பயணம் கைகூடியது. 1959 பிப்ரவரியில் வந்து மார்ச் 10 வரை இருந்தார். அந்தக் காயம் இல்லையென்றால் காந்திகிராமத்துக்கு வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதே கத்திக்குத்தை ஒட்டி வந்த இன்னொரு கடிதமும் உண்டு. குத்திய கத்தி பெருநாடியைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது, தும்மியிருந்தால் உயிர் போயிருக்கும் என்று செய்தி வந்தது. ஒரு பள்ளிச் சிறுமி, நீங்கள் தும்மாததில் சந்தோஷம் என்று எழுதினாள். சாவதற்கு முந்தைய இரவு, 1968 ஏப்ரல் 3-ல், மெம்ஃபிஸில் கிங் இதை நினைவுகூர்ந்தார். அதிபரும் துணை அதிபரும் அனுப்பிய தந்திகளில் என்ன இருந்தது என்று மறந்துவிட்டதாம். இந்தக் கடிதம் மறக்கவில்லையாம். பெரிய பெயர்களாகத் தேடிப் படித்த என் முதல் வருடத்துக்கு விழுந்த குட்டு மாதிரி இருந்தது.

போகாத அழைப்புகளும் கதை சொல்லும். 1963 ஜூலை 31-ல் கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸ் எழுதி, ஆகஸ்டில் ஹார்லெமில் நடக்கும் திறந்தவெளிக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். கிங் போகவில்லை. 1966-ல் தென்னாப்பிரிக்க மாணவர் சங்கம் அழைத்தது. கிங் போகத் தயாராக இருந்தார், அந்த அரசு விசா தரவில்லை.

எல்லாத் தபாலும் இப்படிப் படிக்கிற மாதிரி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 1964 நவம்பரில் எஃப்.பி.ஐ. பெயரில்லாமல் அனுப்பிய கடிதம் உண்டு. கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டுகிற தொனியில் எழுதி, ஒலிநாடாவோடு சேர்த்து அனுப்பினார்கள். ஜனவரியில் அந்த உறையைப் பிரித்தது கொரெட்டா. நான் ஒரே ஒரு தடவைதான் படித்தேன்.

பயன்படுத்துவதில் உள்ள கஷ்டங்கள் என்றால், எழுத்துப்பிழைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் என் ஆங்கிலம்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தேன். அடிக்குறிப்புகள் பொடி எழுத்து, ஆனால் தவறவிடக் கூடாதவை. ஒவ்வொரு தொகுதியின் பின்னாலும் ஆவணங்களின் தேதிவாரிப் பட்டியல் இருக்கிறது, அச்சில் முழுசாகச் சேராத பலவும் அதில் ஒற்றை வரியாக நிற்கும். எனக்கு இப்போது அதுதான் அதிகம் புரட்டிய பகுதி. நான் பழைய புத்தகமாக ஐந்தாம் தொகுதிக்குப் பணம் கட்ட, விற்றவர் ஆறாவதை அனுப்பிவிட்டார். முழுக்கப் பிரசங்கம். வருத்தத்தோடு பிரித்தால், அதில் பெரும்பகுதி கொரெட்டா வீட்டு நிலவறைப் பெட்டிகளில் 1997-ல் கிடைத்த காகிதங்களாம். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

பெரிய குறை, ஏழாம் தொகுதி 1962 ஆகஸ்டோடு நின்றுவிடுகிறது. பர்மிங்காம், செல்மா போராட்டங்கள், நோபல் பரிசு எல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடியும் அங்கேதான் அறுந்து நிற்கிறது. 1957 பிப்ரவரியில் ஓபர்லின் கல்லூரிக்குப் போன கிங், ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞரைச் சந்தித்தார். நாகபுரியில் மூன்று வருடம் இருந்து அகிம்சை படித்துவிட்டுத் திரும்பியவர் அவர். படிப்பு முடியட்டும் என்று காத்திருக்காதே, இப்போதே தெற்கே வா என்றார் கிங். லாசன் போனார். 1968-ல் மெம்ஃபிஸில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது அங்கே போதகராக இருந்தவர் அதே லாசன். இந்தத் தடவை கூப்பிட்டது அவர், போனது கிங். என் நோட்டில் 1957 பக்கத்தில் பற்றில் லாசன் பெயர் இருக்கிறது. 1968-க்கென்று கோடு போட்ட பக்கத்தில் வரவில் அதே பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.