பழைய ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம் விற்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: 1,800 வெள்ளி போய்விட்டது

1,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஃப்ரேமும் இல்லை, பணமும் இல்லை. இன்று காலைதான் அந்த ஆப்பிலிருந்து "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று செய்தி வந்தது. ஆப்பின் பெயரைப் போடவில்லை. பழைய சாமான் விற்க நம்மில் பாதிப் பேர் கைப்பேசியில் வைத்திருக்கும் வகை. வாங்குபவர் கட்டும் பணத்தைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு, சாமான் போய்ச் சேர்ந்த பிறகு நமக்கு விடுவிக்கும். அதனால் பாதுகாப்பு என்பார்கள். யாருக்குப் பாதுகாப்பு என்று கேளுங்கள்.

நான் விற்றது எண்பதுகளில் செய்த இத்தாலிய ரோடு ஃப்ரேம். கொலம்பஸ் என்ற இத்தாலியக் கம்பெனியின் எஸ்எல் ரகக் குழாய், சேரும் இடங்களில் லக் என்ற உலோக உறை வைத்துப் பித்தளை உருக்கி இணைத்தது. குழாய் முனையில் 0.9 மில்லிமீட்டர் கனம், நடுவில் 0.6தான். ஸ்டீல் என்றாலும் ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம், விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்கும். ஈப்போவில் துருவோடு கிடந்ததை வாங்கி, தேய்த்து, நீலப் பெயிண்ட் அடித்து, சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் சாலையில் செம்பனைக்கு நடுவே வருடக்கணக்கில் ஓட்டினேன். மகள் யூனிவர்சிட்டி போகிறாள், லேப்டாப் வேண்டும். இல்லையென்றால் அதை விற்கிற ஆள் இல்லை நான்.

விளம்பரம் போட்டதும் வழக்கம்போல "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு" கும்பல் வந்தது. அப்புறம் இவன் வந்தான். தமிழில் பேசினான். "அண்ணே, பின்சக்கர இடைவெளி 126ஆ, 130ஆ? பாட்டம் பிராக்கெட் இத்தாலியன் திரெட்டா? ஃபோர்க் குழாயில் புறா முத்திரை இருக்கா?" என்று கேட்டான். (பாட்டம் பிராக்கெட் என்பது பெடல் அச்சு உட்காரும் இடம், ஃபோர்க் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை, புறா கொலம்பஸின் முத்திரை.) இதையெல்லாம் கேட்பவன் பிரியத்தோடு வாங்குபவன் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவன் அப்பா கெடாவில் பால்மரம் வெட்டினாராம். அவர் வாங்கிக் கொடுத்த முதல் சைக்கிளும் ரேசிங் சைக்கிள்தானாம். "நல்லா பார்த்துக்குவேண்ணே" என்றான். ஒரு வெள்ளிகூடக் குறைத்துக் கேட்கவில்லை. எல்லாப் பக்கமும் படம் கேட்டான், பெயிண்ட் நிறத்தை வெயிலில் வைத்து எடுக்கச் சொன்னான். அனுப்பினேன்.

அந்தப் படங்கள் எதற்கு என்று இப்போது தெரிகிறது. அதே நீலத்தில் இன்னொரு குப்பை ஃப்ரேம் தேடுவதற்கு!

சாமான் போய்ச் சேர்ந்ததும் "ஃப்ரேமில் விரிசல்" என்று திருப்பி அனுப்பக் கேட்டு மனு போட்டான். அவன் போட்ட விரிசல் படத்தைப் பார்த்ததுமே எனக்கு ரத்தம் கொதித்தது. முன்கழுத்தில் லக்கே இல்லை, நேரடியாக வெல்டிங். சைக்கிள் தெரிந்த சின்னப் பையன்கூட அது வேறு ஃப்ரேம் என்று சொல்லிவிடுவான். என் விளம்பரப் படத்தையும் அவன் படத்தையும் பக்கத்தில் வைத்து, எங்கே லக், எங்கே வெல்டிங் என்று வட்டம் போட்டு அனுப்பினேன். வந்த பதில்: "உங்கள் பொறுமைக்கு நன்றி."

பெட்டி திரும்பி வந்தது. கூரியர்காரர் ஸ்கேன் செய்த உடனேயே 1,800 வெள்ளியை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது டேப்பைக்கூட வெட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லித்தான் திறந்தேன். தூக்கியதுமே பாரம் சொல்லிவிட்டது. என் ஃப்ரேமில் இருந்த 27.2 மில்லிமீட்டர் சீட்போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் கம்பியை, செருகிப் பார்த்தேன், வாயிலேயே நின்றுவிட்டது. பாட்டம் பிராக்கெட் கூட்டை அளந்தால் 68 மில்லிமீட்டர். இத்தாலியன் என்றால் 70 இருக்க வேண்டும். ஃபோர்க் குழாயில் புறாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இவ்வளவையும் வீடியோவோடு அனுப்பினேன். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு ஒரு அதிகாரி, அவர் போய் இன்னொருவர், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒரு பெண் கேட்டார்: "இரண்டும் நீல நிற ஃப்ரேம்தானே சார்?" பேக் செய்யும்போது எடுத்த படங்களை, அடியில் குத்திய நம்பர் தெரிய, கொடுத்தேன். எப்போது எடுத்த படம் என்று உறுதி செய்ய முடியாதாம். அவனுடைய மொபைல் படத்தை மட்டும் எப்படி உறுதி செய்தார்களோ! சரி, அவன் முழுப் பெயரும் முகவரியும் கொடுங்கள் என்றால், தனிப்பட்ட தகவல், தர முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே சிறு வழக்குப் போடலாம். ஆனால் யார் மேல் போடுவது? பெயர் இல்லாத ஆளின் மேலா? போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன், அதன் நகலையும் ஆப்புக்கு அனுப்பினேன். அதற்குப் பதில்தான் இன்று காலை வந்தது.

விற்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது நிதானம் இல்லை. இவ்வளவு மட்டும்: ஃப்ரேம் விற்றால் நேரில் வரச் சொல்லுங்கள், கையில் காசு. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் நம்பர் குத்திய இடத்திலிருந்து டேப் ஒட்டிக் கூரியர் கடையில் கொடுக்கும் வரை வெட்டாமல் ஒரே வீடியோ. பாட்டம் பிராக்கெட் கூட்டுக்குள் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஒன்று போடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணோ போன் எண்ணோ கிடைத்தால் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடியுங்கள். நுணுக்கமாகக் கேள்வி கேட்கிறான் என்பதற்காக யாரையும் நம்பாதீர்கள்.

என் ஃப்ரேமை அவன் எங்காவது விற்கத்தான் செய்வான். 56 சைஸ், நீலம், லக் ஓரத்தில் வெள்ளைக் கோடு, இடது செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) அடியில் பெயிண்ட் உரிந்த விரல் நீளக் கீறல், ஃபோர்க் குழாயில் புறா. பினாங்கு, கெடா பக்கம் பழைய சைக்கிள் வாங்குபவர்கள் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். விற்பவன் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள்.