காசுக்கு நாயோட்ட 'ரேட்டிங்' வாங்குகிறவர்கள் கவனம்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்து எங்கட ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ரொம்ஃபோர்ட் நாயோட்டத்துக்கு மாதச் சந்தாவில் 'ரேட்டிங்' (எந்த நாய் வெல்லும் என்று புள்ளி போட்டுச் சொல்லும் கணிப்பு) விற்கிற ஒருவர் இருக்கிறார். என்னிடமும் என் மச்சானிடமும் காசு வாங்கினார். பெயர் போடவில்லை. செய்கிற முறையை எழுதுகிறேன், சந்தா கட்டியவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கும்.

"அண்ணை, இது சூது இல்லை, கணக்கு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பின்னேரம் ஒரு அட்டவணை வரும்: ஆறு நாய்க்கும் நேரம், பக்கத்தில் புள்ளி. அதை, நாய்களின் முந்தைய ஓட்ட விபரம் இருக்கிற ரேஸ் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

நாயின் நேரத்தை வெறுமனே எடுத்து ஒப்பிட முடியாது. வென்ற நாய் 24.40 செக்கனில் வந்து, மற்ற நாய் மூன்று லெங்த் (லெங்த் என்றால் ஒரு நாயின் நீளம்) பின்னால் வந்தால், ஒரு லெங்த்துக்கு 0.08 வீதம் கூட்டி 24.64. அன்றைக்குத் தடம் மெதுவாக இருந்து -20 (செக்கனில் நூறில் இருபது பங்கு) என்று போட்டிருந்தால் 0.20 கழிக்க வேண்டும், 24.44 வரும். ஒப்பிடுவதற்கு அந்த நேரம்தான் உதவும். இவருடைய பட்டியலில் சில நாய்க்குக் கழித்த நேரம், சில நாய்க்குக் கழிக்காத நேரம். அதைவிட மோசம், 2025 ஜனவரியில் மூடப்பட்ட கிரேஃபோர்ட் நாயோட்டத் தடத்திலிருந்து வந்த ஒரு நாய். அங்கே 380 மீற்றர் ஓடிய அதன் நேரத்தை ரொம்ஃபோர்டின் 400 மீற்றர் நேரங்களோடு சேர்த்து, அதுதான் அதிவேக நாய் என்று முதலிடம் கொடுத்திருந்தார். எந்தத் தொடக்கப் பெட்டியிலிருந்து கிளம்புகிறது, முதல் வளைவில் உள்வேலியை ஒட்டி ஓடுமா வெளியே விலகுமா என்பதற்கெல்லாம் புள்ளியே இல்லை. ஆறு நாயும் மோதிக்கொள்ளும் அந்த வளைவில்தான் பாதி ஓட்டம் தீர்மானமாகிறது.

இதைத் திறமைக் குறைவு என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒருநாள் மச்சானின் போனைப் பார்த்தேன். ஒரே ரேஸ், எனக்கு இரண்டாம் பெட்டி நீலச் சட்டை நாய், மச்சானுக்கு ஐந்தாம் பெட்டி செம்மஞ்சள். ஓடுவது ஆறே நாய். ஆட்களைப் பிரித்துக் குழுவுக்கொரு நாய் கொடுத்தால், யாரோ சிலருக்கு வென்றே தீரும். அவர்களுடைய டிக்கெட் படத்தை மற்றவர்களுக்குக் காட்டி அடுத்த மாதச் சந்தாவை வாங்குகிறார். இது பச்சை ஏமாற்று.

இன்னொன்று. அவர் தந்த லிங்க்கில்தான் பெட்டிங் கணக்குத் திறக்க வேண்டும் என்று வற்புறுத்துவார். பல பெட்டிங் நிறுவனங்கள், ஆள் சேர்த்துவிடுகிறவருக்கு அந்த ஆள் இழக்கும் காசில் பங்கு கொடுக்கின்றன. இவருக்கும் அப்படி வருகிறதா என்று நேராகக் கேட்டேன். பதில் இல்லை, என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். மச்சானையும்தான்.

காசு திரும்பி வரவில்லை. 'சேவை கிடைத்திருக்கிறது, இது உங்களுக்குள் உள்ள பிணக்கு' என்று வங்கி சொல்லிவிட்டது. இப்படி 'டிப்' (எது வெல்லும் என்ற கணிப்பு) விற்கிறவர்களுக்கு இங்கே சூதாட்ட ஆணையத்தின் உரிமமும் தேவையில்லை, அதனால் அந்தப் பக்கமும் வழியில்லை.

யாராவது இப்படி விற்க வந்தால், ஓட்டத்துக்கு முன்பே திகதி, நேரத்தோடு அனுப்பிய முழுப் பட்டியலையும் கேளுங்கள், தோற்றவை உட்பட. வென்ற படங்களை மட்டும் காட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சந்தா கட்டியவர்கள் அட்டவணைகளை அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள். ஒரே ரேஸுக்கு வேறு வேறு நாய் சொன்னதற்கு ஆதாரம் சேர்த்து வருகிறேன், எல்லோரும் சேர்ந்து முறைப்பாடு கொடுக்கலாம்.