ஏசியில் தண்ணீர் சொட்டினால்: கேஸா, கழுவலா, பைப்பா?

கத்திரி தொடங்கி ஒரு வாரம் இருக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி படுக்கிற அறையில் ஏசியின் இடது மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சுவர் வழியாக வழிந்து, கீழே இருந்த ஆச்சியின் டிரங்குப் பெட்டி நனைந்துவிட்டது. அறையில் குளிர்ச்சியும் இல்லை. வந்த மெக்கானிக் உள்ளே இருக்கிற யூனிட்டின் மூடியைத் திறக்கவே இல்லை. மொட்டைமாடியில் வெளி யூனிட்டில் கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தார். "கேஸ் இறங்கிட்டு அண்ணாச்சி, அடிச்சிரலாம்" என்றார். அடித்தார். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடியும் சொட்டு.

அதன்பின் வேறொருவர் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே சுற்றுகிற உருளை புளோயரின் ஒவ்வொரு இதழிலும் கம்பளி போலத் தூசி ஒட்டியிருந்தது. ஏசி தண்ணீரை வெளியே விடுகிற ட்ரெயின் பைப்பிலிருந்து நுங்கு மாதிரி வழுவழுப்பாக ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ வந்து விழுந்தது. கேஸுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் முதல் ஆள் பார்த்த கேஜ் ஏன் குறைவாகக் காட்டியது? உள்ளே குளிர்கிற குழாய்ச் சுருளான காயில் மீது காற்று சரியாகப் படாவிட்டால் உள்ளே ஓடும் கேஸுக்கு அறையின் வெப்பம் கிடைக்காது, அழுத்தம் தானாகவே இறங்கிவிடும். கேஸ் கசிந்து குறைந்தாலும் அழுத்தம் இறங்கும். கேஜ் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். அதனால் கழுவுவதற்கு முன் கேஜை நம்பிக் கேஸ் அடிப்பது தவறு. தேவைக்கு மேல் கேஸ் ஏறினால் கம்ப்ரசருக்குத்தான் கேடு. முதல் நான்கு நாள் வந்த குளிர்ச்சிகூட, ஏசியை நிறுத்தி வைத்ததில் காயிலில் படிந்திருந்த பனி உருகியதால் வந்ததுதான்.

பைப்பா, காயிலா, கேஸா என்று பிரித்துப் பார்க்க நான் இப்போது வைத்திருக்கும் வழி இது. குளிர்ச்சி நன்றாக இருந்து தண்ணீர் மட்டும் சொட்டினால் ட்ரெயின் பைப் அல்லது காயிலுக்குக் கீழே தண்ணீர் விழுகிற ட்ரே அடைப்பு. குளிர்ச்சியும் குறைந்து தண்ணீரும் சொட்டினால் காயிலில் பனி கட்டுகிறது என்று பொருள். ஏசியை நிறுத்தி, ஃபேன் மட்டும் ஓடவிட்டுப் பனியை உருக்குங்கள். ஃபில்டரைக் கழுவிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். காயில் முழுவதும் பனி படர்ந்தால் காற்றோட்டத்தில்தான் குறை என்று முதலில் சந்தேகப்படலாம். காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி, வெளி யூனிட்டில் மெல்லிய பைப்பிலும் பனி என்றால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும்: ஏசிக்கு மேலே உள்ளே போகும் காற்றுக்கும் கீழே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் பெரிய கோளாறு இல்லை.

கழுவுவதிலும் இரண்டு வகை. பிளாஸ்டிக் பையைக் கட்டிப் பம்பில் அடிப்பது வேகமானது. ஆனால் காயிலின் முன்பக்கம் மட்டும் பளிச்சென்றாகும், புளோயரும் ட்ரேயும் அரைகுறைதான். ட்ரேயையும் புளோயரையும் கழற்றிக் கழுவுவதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். ஆனால் நம்ம ஊருக்கு எனக்குத் தெரிந்து அதுதான் சரி. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வீசுகிற காற்று எவ்வளவு புழுதியைக் கொண்டுவருகிறது என்று பட்டாசலை (வீட்டு முன்கூடத்தை) பெருக்குகிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்று முடிந்ததும் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை கழுவினால் போதும். ஆற்றுத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், உப்புப் போர் தண்ணீர் காயிலில் வெள்ளையாகப் படிந்துவிடும். முழு யூனிட்டையும் சுவரிலிருந்து இறக்கிக் கழுவுவது வேண்டாம். பைப் இணைப்பைக் கழற்றி மாட்டும்போது அந்த இணைப்பை இறுக்குகிற ஃபிளேர் நட்டில் புதுக் கசிவு வரலாம்.

ரிமோட்டில் இருக்கும் 'செல்ஃப் கிளீன்' காயிலை ஈரமாக்கிக் காயவைக்கும், அவ்வளவுதான். பைப் அடைப்பை அது எடுக்காது.

பைப் அடைப்புக்கு வாயால் ஊதுவதும் காற்று ஊதும் மெஷினால் ஊதுவதும் எளிது. ஆனால் வெளியிலிருந்து ஊதினால் அழுக்கு ட்ரேக்குள்ளேயே திரும்பும், பத்து நாளில் மீண்டும் அடைக்கும். வெளி முனையில் வேக்கம் கிளீனரை வைத்து உறிஞ்சி எடுப்பது மேல். அப்புறம் ட்ரேயில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அது தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சரிவைச் சரிபாருங்கள், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். செடிக்கு ஊற்றலாம் என்று பைப் முனையை வாளியில் விடுகிறவர்கள், முனை தண்ணீருக்குள் முங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முங்கினால் காற்று அடைத்து உள்ளே வழியும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் கூடி ஏசி தண்ணீரும் அதிகமாக வரும்போது இது நன்றாகத் தெரியும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால்? கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை. உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வெளி காயிலையே அரித்துவிடும், அங்கே கேஸ் கசிவு என்று சொன்னால் நான் நம்புவேன். ஆனாலும் ஓட்டையைக் காட்டச் சொல்வேன். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். அதை அடைத்து, பைப்புக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து (வேக்கம் போட்டு), யூனிட்டின் லேபிளில் எழுதியிருக்கும் கிராம் கணக்கில் தராசு வைத்து ஏற்ற வேண்டும். ஓட்டையைத் தேடாமல் சும்மா 'டாப் அப்' செய்வது அடுத்த கத்திரியில் அதே செலவு. ஆர் 32 கேஸ் என்றால் தீப்பிடிக்கும் தன்மையும் கொஞ்சம் உண்டு, வேலை நடக்கும்போது பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

இன்னொன்று, வெளி யூனிட்டின் ஃபேன் மேற்கு பார்த்து இருந்தால் ஆடிக் காற்று அது தள்ளும் சூட்டை எதிர்த்து அடித்துத் திருப்பிவிடும். எங்கள் மாடியில் இருந்ததை வடக்குப் பக்கம் திருப்பி வைத்தோம். ஆச்சி இப்போது 24-லேயே போர்வை கேட்கிறாள்.