குடும்ப வழக்குக்கு நாங்கள் போன வழக்கறிஞர் அலுவலகம்: வேலை சுத்தம், பில்தான் கடுப்பு

தம்பியின் விவாகரத்து இழுத்துக்கொண்டிருந்தபோதே அவன் மனைவி அவன் மேல் குடும்ப வன்முறை என்று தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்டு விண்ணப்பித்துவிட்டார், எல்லாரும் பிபிஓ என்கிறார்களே அதுதான், இனி வன்முறை கூடாது என்று நீதிமன்றம் போடும் தடை. கூடவே போலீஸ் புகாரும். அப்போது நாங்கள் பிடித்த, சிங்கப்பூர் சைனாடவுன் பக்கம் இருக்கிற ஒரு சின்ன வழக்கறிஞர் அலுவலகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் வேண்டாம்.

முதலில் வேறோர் இடத்துக்குப் போனோம். உட்கார்ந்த உடனே, "நீங்களும் அவங்க மேல ஒரு பிபிஓ போடுங்க, சரிக்குச் சரியா இருக்கும்" என்றார்கள். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. இங்கே வந்தால் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வியே "கதவை உதைச்சீங்களா, இல்லையா?" தம்பியோ மாமியார், நகை, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கடன் என்று எங்கெங்கோ சுற்றினான். அவர் குறிப்பு எதுவும் எடுக்காமல் கேட்டுவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார். ஆமாம் என்றான். அது அப்படியே அஃபிடவிட்டில், அதாவது நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்திய வாக்குமூலத்தில், போனது, அடித்ததாகச் சொல்லப்படுவதை மறுத்த பத்திக்கு நேர் மேலே. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை. ஆனால் காசு கொடுக்கிறவனைப் புத்தனாகக் காட்டாத வக்கீல் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா தமிழ் நன்றாகப் பேசுகிறார். தம்பி தனக்குச் சாதகமான வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வந்திருந்தான். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "முழு சாட்டும் வேணும் தம்பி, நீங்க திட்டினதும் சேர்த்து. அவங்க வக்கீல்கிட்ட எப்படியும் இருக்கும்." அம்மா சாட்சி சொல்ல வருகிறேன் என்று ஒரே பிடிவாதம். நீங்க அன்னைக்கு வீட்டில் இல்லையே ஆன்ட்டி, வேணாம் என்று அவர்தான் பக்குவமாகச் சொல்லி உட்கார வைத்தார்.

விளக்கிச் சொல்வதில் வழக்கறிஞரிடம் குறையே இல்லை. பிபிஓ ஒரு தடம், போலீஸ் வழக்கு வேறு தடம். முன்னது குடும்ப நீதிமன்றத்தில், எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள், கூடவே அந்த ஆணை அவசியமா என்றும் பார்ப்பார்கள். அது குற்றத் தீர்ப்பு ஆகாது. பின்னதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். மாதர் சாசனம் என்கிற குடும்பச் சட்டத்தில் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு மனத்தளவிலான கொடுமையும் குடும்ப வன்முறை என்று தெளிவாகவே இருக்கிறது, அதனால் "கையே வைக்கலையே" என்பது மட்டும் பதில் ஆகாது என்றார். விசாரணைக்கு முன்பே அவசர ஆணை ஒன்று, அதாவது பிபிஓ முடிவாகும் வரைக்குமான தற்காலிகத் தடை, வந்துவிட்டது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்லிவிட்டு, துணி எடுக்கக்கூட அந்தப் பக்கம் போகாதீங்க என்றார். மாமா பையன்தான் போய் எடுத்து வந்தான்.

சரி, இப்போது கடுப்புக்கு வருகிறேன். பிபிஓ விண்ணப்பத்துக்கு நீதிமன்றக் கட்டணம் 1 வெள்ளிதான். எதிர்த்து நிற்கும் எங்கள் பக்கம் ஆயிரக்கணக்கில் போகிறது. போன் பேசினால் ஆறு நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று கணக்கு. தம்பி இராத்திரி தூக்கம் வராமல் ஒன்றொன்றாகத் தட்டிவிட்ட மெசேஜுகளைப் படித்ததற்கும் பில் வந்தது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். அப்புறம், நேரம் கொடுத்துவிட்டுக் காக்க வைக்கிறார்கள், கீழே கோப்பிக் கடையில் நம் காலம் ஓடுகிறது. கேள்விகளை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள் என்று அந்த அக்கா சொன்ன பிறகுதான் பில் இறங்கியது.

வன்முறையைத் தாங்கிக்கொண்டிருக்கிறவர் யாராவது இதைப் படித்தால், வக்கீலைத் தேடி அலைவதற்கு முன் வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மனைவிக்குப் பாடம் கற்பிக்க வக்கீல் தேடுகிறவர்கள் இங்கே போக வேண்டாம், பாதிப் பேச்சிலேயே நிறுத்திவிடுவார், அந்த நேரத்துக்கும் பில் உண்டு.