பின்னால் வந்து இடித்தது வேன், க்ளெய்ம் பாரத்தில் இடித்தது நான்

நம் மேல் தப்பே இல்லாத விபத்து என்றால் இன்சூரன்ஸ் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கார் சர்வீஸ் சென்டர்களில் ‘இன்சூரன்ஸ் டெஸ்க்’ என்று ஒரு மேஜை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் இன்சூரன்ஸ் கம்பெனி ஆளும் இல்லை, நம் ஆளும் இல்லை. பில் சீக்கிரம் பாஸாக வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கவலை. அதற்காக என் விபத்தையே வேறு விபத்தாக மாற்றி எழுதிவிட்டார்கள். புகார் இன்னும் நடப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் இதே கதையை வேறு இரண்டு ஊர்க்காரர்களிடமிருந்தும் அப்புறம் கேட்டுவிட்டேன்.

இடம் கோவை, திருச்சி ரோடு, சிங்காநல்லூர் சிக்னல். சிவப்பு விழுந்து நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த சரக்கு வேன் வேகத்தைக் குறைக்காமல் வந்து மோதியது. யாருக்கும் அடி இல்லை. பின் பம்பர் கழன்று தொங்கியது, டிக்கி கதவு உள்வாங்கிவிட்டது, இரண்டு பக்க டெயில் லேம்ப்பும் போச்சு, இடது பக்க க்வார்ட்டர் பேனல் (பின் சக்கரத்துக்கு மேல் உள்ள பக்கத் தகடு) மடங்கிவிட்டது.

டிரைவர் சின்னப் பையன். “அக்கா, போலீஸ் மட்டும் வேண்டாங்கக்கா, வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்க. ஓனர் குடுத்துருவாருங்க” என்று போனைக் கையில் கொடுத்தான். ஓனர் குரலில் தேன் வழிந்தது. “ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம், பில்ல அனுப்புங்க, பாத்துக்கலாங்க.” அந்தப் பாத்துக்கலாங்க என்ன விலை போகும் என்று தெரிந்ததால், வண்டிகளை ஓரங்கட்டும் முன்பே இரண்டு நம்பர் பிளேட்டும் சிக்னலும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். வாகன விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வேனின் எண்ணைப் போட்டதும் அதன் இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பது தெரிந்தது. நேராக ஸ்டேஷனுக்குப் போய் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் (புகார் பதிவானதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) வாங்கினேன். பில்லை அனுப்பிய அன்றே ஓனர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் நம் வண்டியைச் சரிசெய்து தந்துவிடுவார்களே என்று நினைக்கிறோம். நம் நாட்டில் அப்படி நடப்பதில்லை. இடித்த வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து நமக்கு வர வேண்டிய மூன்றாம் தரப்பு நஷ்டஈடு வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் கீழ் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். உயிர்ச்சேதம், காயம் மட்டுமல்ல, பொருள் சேதத்துக்கும் அங்கே மனு போடலாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2019-இல் வந்த திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். கார், வேன் என்றால் வழக்கமான பாலிசியில் பொருள் சேதத்துக்கான உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய். எல்லாம் சரி, ஆனால் தீர்ப்பு வரும்வரை உடைந்த டிக்கியோடு ஓட்ட முடியாது. அதனால் கிட்டத்தட்ட எல்லோருமே தங்கள் சொந்த பாலிசியில் சொந்தச் சேத க்ளெய்ம் போட்டு வேலையை முடிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். வில்லங்கம் ஆரம்பித்தது அங்கேதான்.

என் பாலிசி பம்பர் டு பம்பர், அதாவது ஜீரோ டெப்; மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் வகை. ஆயில், நட்டு, போல்ட்டு மாதிரி சில்லறைச் சாமான்களுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் கவரும் தனியாகக் காசு கட்டி எடுத்திருந்தேன். சர்வீஸ் சென்டரின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவரிடம் நடந்ததை முழுசாகச் சொல்லி, சி.எஸ்.ஆர். நகல், போட்டோக்கள், வேன் எண் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பாரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலில் இன்டு மார்க். விபத்து எப்படி நடந்தது என்ற கட்டம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். “அது கம்பெனி ஃபார்மட்ல எழுதணுங்க மேடம், நீங்க அனுப்பினத வெச்சு நானே எழுதிக்கிறேன்.” கம்பெனியிலிருந்து ஓ.டி.பி. வந்தது, அதையும் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்ததாகச் சொன்னார்கள். பார்க்கும்போது நானும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். “காலைலயே வந்துட்டுப் போயிட்டாருங்க மேடம்” என்று பதில் வந்தது.

டெலிவரி அன்று கையில் கொடுத்த கணக்கில் நான் கட்ட வேண்டியது 24,600 ரூபாய். ஜீரோ டெப் பாலிசிக்கு இவ்வளவா? பிரித்துக் காட்டச் சொன்னேன். கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000; அது நியாயம், 1500 சி.சி.க்கு உட்பட்ட எந்தக் காருக்கும் அது உண்டு. கன்ஸ்யூமபிள்ஸ் 1,100. அதற்குத்தான் கவர் இருக்கிறதே என்றால், “சிஸ்டம்ல காட்டலைங்க” என்றார். ஃபைல் சார்ஜ் 1,500, ரொக்கமாக, ரசீது கிடையாது. மிச்சம் 21,000 இடது பக்க லேம்ப், க்வார்ட்டர் பேனல், அதற்கான பெயின்ட். “சர்வேயர் பாஸ் பண்ணலைங்க மேடம், நாங்க என்ன பண்றது?”

ஏன் பாஸ் பண்ணவில்லை என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. கார் இல்லாமல் அன்றாட வேலை ஓடாது என்பதால், ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தேன். திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு அங்கே இருந்த மேனேஜர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சர்வே அறிக்கையின் நகலைப் பாலிசிதாரர் கேட்டு வாங்கலாம். டெஸ்க்கில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி பேசுவார்கள். கம்பெனிக்கு நேரடியாக மெயில் போட வேண்டும். போட்டேன், வந்தது. கூடவே என் க்ளெய்ம் பாரத்தின் நகலும் வந்தது. கையெழுத்து என்னுடையது, கறுப்பு மையில். விபத்து விவரக் கட்டத்தை நிரப்பியிருந்தது வேறொருவர், நீல மையில். அதில் இருந்தது இதுதான்: வீட்டு பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்க வலது புறம் தூணில் மோதிவிட்டது. வேன் இல்லை, சிக்னல் இல்லை, சி.எஸ்.ஆர். இல்லை. எங்கள் வீட்டு பார்க்கிங்கில் தூணே கிடையாது.

அறிக்கையைப் படித்ததும் 21,000 எங்கே போனது என்று விளங்கிவிட்டது. வலது புறம் தூணில் இடித்த கார் இடது புறம் எப்படி மடங்கும்? விபத்தின் காரணத்தோடு பொருந்தாத சேதம் என்று எழுதி இடது பக்கத்தை சர்வேயர் கழித்துவிட்டார். அவர் செய்தது அவர் வரையில் சரி. கொடுத்த கதைக்கு ஏற்ற பணம்.

ஏன் இப்படி எழுதினார்கள்? இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டது என்றால் கம்பெனி போலீஸ் காகிதம் கேட்கும், கேள்வி கேட்கும், சில நாள் இழுக்கும். தூணில் இடித்தேன் என்றால் கேள்வியே இல்லை, வேலையை உடனே ஆரம்பிக்கலாம், ஷெட்டில் இடமும் காலியாகும். அவர்களுக்கு மிச்சமாவது இரண்டு மூன்று நாள். நமக்கு அதனால் மூன்று ஆபத்து. பொருந்தாத சேதத்துக்குப் பணம் வராது. பொய்த் தகவல் கொடுத்ததாகச் சொல்லி க்ளெய்மையே கம்பெனி மறுக்கலாம். நாளைக்குத் தீர்ப்பாயத்தில் வேன்மீது மனு போட்டால், நானே தூணில் இடித்தேன் என்று என் கையெழுத்தோடு உள்ள காகிதத்தை எதிர்த் தரப்பு வக்கீல் எடுத்து நீட்டுவார். மூன்றாவதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. டிக்கி கதவு புதிது என்று பில்லில் இருந்தது, அதற்குக் கம்பெனியும் பணம் கொடுத்திருக்கிறது. ஒரு நாள் மளிகைச் சாமான் இறக்கும்போது கதவின் உள்விளிம்பைப் பார்த்தேன். மகளின் சைக்கிளை ஏற்றியபோது பெடல் பட்டு விழுந்த கீறல் அப்படியே இருந்தது. புதுக் கதவுக்குப் பழைய கீறல் எங்கிருந்து வரும்? ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். மேல் பாதியில் டக்கென்று ஒட்டியது. நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வழுக்கிக் கீழே விழுந்தது. தகட்டுக்கு மேல் அவ்வளவு கனமாகப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டுப் புதுக் கதவுக்குப் பில் போட்டிருக்கிறார்கள். டிக்கி இரும்புத் தகடாக உள்ள கார்களில் இதை நீங்களும் செய்து பார்க்கலாம், பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் எப்படியும் ஒட்டாது. மாற்றிய பழைய பாகங்களை டெலிவரிக்கு முன் காட்டச் சொல்லுங்கள். உடைசல் கம்பெனிக்குச் சேரும் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். சேரட்டும், நாம் கண்ணால் பார்க்க அது தடையில்லையே.

க்ளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை டெஸ்க்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பு யார் மேல் இருந்தாலும் சொந்தச் சேத க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், போனஸைக் காக்கும் தனி கவர் எடுத்திருந்தால் தவிர. நான் 50 சதவீதத்தில் இருந்தேன். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50-க்கு வர முடியும். சொந்தச் சேத பிரீமியம் போனஸுக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு முதல் வருடம் 4,000, பிறகு 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000. பிரீமியம் வருடாவருடம் கொஞ்சம் மாறும், ஆனாலும் கணக்கு ஏறத்தாழ இதுதான். ஆக, 50 சதவீதத்தில் இருக்கிறவர் எட்டு, ஒன்பதாயிரம் ரூபாய் வேலைக்கு க்ளெய்ம் போட்டால் நஷ்டம். அந்த மாதிரி சின்னச் சேதத்துக்கு, இடித்தவர் ஸ்பாட்டிலேயே தருகிற பணம்தான் லாபம். அதுவும் கையில் வந்த பிறகு.

இப்போது நிலவரம். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு சிக்னல் போட்டோ, சி.எஸ்.ஆர்., டெஸ்க்குக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினேன். கூடவே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிந்தேன்; 155255 என்ற எண்ணிலும் பதியலாம். மறு சர்வே வந்தது. இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். காரணத்தைத் திருத்தி, இடது பக்க வேலைக்கான பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். காகிதம் ஒழுங்காக இருந்தால் கம்பெனி கேட்கத்தான் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைல் சார்ஜையும் கன்ஸ்யூமபிள்ஸ் பணத்தையும் சர்வீஸ் சென்டர் ‘தவறுதலாக வாங்கப்பட்டது’ என்று திருப்பித் தந்தது. ரசீதே இல்லாமல் தவறுதலாக. போனஸ் போனது போனதுதான்.

இதே நிலைமையில் இருப்பவர்கள் விபத்து விவரக் கட்டத்தைத் தங்கள் கையாலேயே எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. எதிர் வண்டியின் எண்ணையும் சி.எஸ்.ஆர். எண்ணையும் அதிலேயே போடுங்கள். எழுதி முடித்த பக்கத்தைப் போட்டோ எடுத்த பிறகே பாரத்தைக் கொடுங்கள். ஆன்லைனில் பதிவது என்றால் ஓ.டி.பி. சொல்வதற்கு முன் திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லிப் படியுங்கள்.

கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஒத்துவராவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான விவகாரங்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் விசாரிப்பது இன்சூரன்ஸ் கம்பெனியைத்தான், சர்வீஸ் சென்டரை அல்ல. சர்வீஸ் சென்டர் விவகாரத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டிக்கி கதவுக்கான மனுவை அங்கேதான் தயார் செய்துகொண்டிருக்கிறேன், பட்டியின் கனத்தை அளந்து எழுதிக் கொடுக்க வெளி டிங்கர் ஒருவர் சம்மதித்திருக்கிறார்.