தரவுத்தளத்தில் நிறுத்தற்குறிகளை நீக்குதல்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நூற்பட்டியல் ஒன்றின் தரவுத்தளத்தை ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறேன். ஒரே நூலின் தலைப்பை ஒருவர் காற்புள்ளியோடும், இன்னொருவர் முக்காற்புள்ளியோடும், வேறொருவர் எக்குறியும் இன்றியும் பதிந்திருப்பார்கள். அவை ஒன்றுதான் என்று கண்டறிய வேண்டுமானால், குறிகளை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

தொடக்கத்தில் மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7 பதிப்பைப் பயன்படுத்தினேன். அதில் ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் தேடல் கோவை) கொண்டு தேடலாமே தவிர மாற்ற முடியாது என்பதால், ஒவ்வொரு குறிக்கும் ஒரு ரீப்ளேஸ் (ஒன்றை நீக்கி வேறொன்றை இடும் கட்டளை) என ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். ஆங்கில எழுத்துகளுக்கான அடிப்படைக் குறியீட்டு முறையான ஆஸ்கியில் உள்ள நிறுத்தற்குறிகளே 32. அத்தனையையும் அடுக்கி முடித்த பிறகும், வேர்ட் கோப்புகளிலிருந்து ஒட்டப்பட்ட வளைந்த மேற்கோள்குறிகளும் நீள்கோடுகளும் அப்படியே நின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடில் அவை வேறு குறிகள்.

8.0 பதிப்புக்கு மாறியதும், ரெஜெக்ஸ் கொண்டு மாற்றும் ரெஜெக்ஸ்ப் ரீப்ளேஸ் (REGEXP_REPLACE) என்ற செயற்கூறு கிடைத்தது. அடுக்கு முழுவதும் ஒரே வரியானது. ஆனால் 'எழுத்து, எண், இடைவெளி தவிர எல்லாம் போகட்டும்' என்று நான் எழுதிய முதல் ரெஜெக்ஸ், 'தமிழ்' என்ற சொல்லைத் 'தமழ' ஆக்கிவிட்டது. யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியீடுகளும் எழுத்து என்ற வகையில் இல்லை, ஒட்டுக்குறி என்ற தனி வகையில் இருக்கின்றன. அவ்வகையையும் விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகே சரியானது. தமிழ்த் தரவில் கை வைக்கும் எவரும் முதலில் சோதிக்க வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பின்னர் ஒரு பகுதியைப் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றினோம். அங்கும் அதே பெயரில் செயற்கூறு உண்டு, ஆயினும் அனைத்தையும் மாற்றச் சொல்லும் 'ஜி' (g) என்ற கொடியைத் தராவிட்டால் முதலில் பொருந்தும் குறியை மட்டுமே மாற்றும். மைஎஸ்கியூஎல் தானாகவே அனைத்தையும் மாற்றிவிடும். என் சோதனை வரிசைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு குறிதான் இருந்தது என்பதால், இந்தப் பிழை பல நாள்கள் என் கண்ணில் படவேயில்லை.

குறியை வெறுமையால் மாற்றுவதா, இடைவெளியால் மாற்றுவதா என்பதில்தான் நெடுநாள் தடுமாறினேன். 'உ.வே.சா.' என்றும் 'உ. வே. சா.' என்றும் இரு பதிவுகள் இருந்தால், வெறுமையால் மாற்றும்போது ஒன்று 'உவேசா' ஆகும், மற்றது 'உ வே சா' ஆகும், இரண்டும் பொருந்தா. இடைவெளியால் மாற்றி, தொடர் இடைவெளிகளை ஒன்றாக்கி, ஓரங்களையும் வெட்டிவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வருகின்றன. இன்றுவரை அந்த முறையையே பின்பற்றுகிறேன்.

என் பெரிய தவறு, முதலாண்டில் மூல நெடுவரிசையையே அப்டேட் செய்ததுதான். '1939-45' என்பது '193945' ஆகிவிட்டது, '2.0' என்பது '20' ஆகிவிட்டது. குறி எங்கே இருந்தது என்பதை மீதமுள்ள எழுத்துகளிலிருந்து மீட்கவே முடியாது. முந்தைய இரவின் காப்புப்பிரதி இருந்ததால் தப்பித்தேன். அன்று முதல் மூலத்தைத் தொடுவதில்லை. நீக்கிய வடிவத்தை, மூலத்திலிருந்து தரவுத்தளமே கணக்கிட்டு நிரப்பும் 'உருவாக்கப்படும் நெடுவரிசை'யாக வைத்து, அதன் மீது விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ் போட்டிருக்கிறேன். தேடல் நிபந்தனையில் மூல நெடுவரிசை மீது செயற்கூறைப் போட்டால், அந்த நெடுவரிசையின் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாமல் முழு அட்டவணையும் வாசிக்கப்படும். தனி நெடுவரிசை அந்தச் சுமையையும் நீக்கியது.

தீராத குறை ஒன்று உண்டு. 'சி', 'சி++', 'சி#' ஆகிய நிரல்மொழிகளைப் பற்றிய நூல்கள் குறி நீங்கியதும் ஒன்றாகிவிடுகின்றன. யூனிகோடின் நிறுத்தற்குறி வகையை மட்டும் நீக்கிப் பார்த்தேன். கூட்டல் குறி கணிதக் குறியீடாகக் கருதப்படுவதால் தப்பியது, '#' தப்பவில்லை. எனவே இத்தகைய பெயர்களைச் சிறு விலக்கு அட்டவணையில் வைத்து, நீக்குவதற்கு முன்பே 'சி ஷார்ப்' என்பது போல் விரித்துவிடுகிறேன். அந்த அட்டவணைக்கு வேண்டிய புதிய பெயர்களை இன்னமும் கையால்தான் சேர்த்து வருகிறேன்.